வார்த்த கணக்கும் எஞ்சிய கணக்கும்

கேள்வி: அமெரிக்காவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் 1885-இல் 2,28,000 மார்கன் வெள்ளி டாலர்களும், 1889-இல் 3,50,000 டாலர்களும் அச்சிடப்பட்டதாகப் படித்தேன். எண்ணிக்கையில் கூடுதலான 1889-ஆம் ஆண்டு நாணயத்துக்கே மிக அதிக விலை சொல்கிறார்களே, ஏன்? என்னிடம் ஒருவர் அதை விற்க முன்வந்திருக்கிறார், வாங்கலாமா?

பதில்: அச்சடித்தது எத்தனை என்பதைவிட, இன்று எஞ்சியிருப்பது எத்தனை என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. மாதந்தோறும் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் பிளாண்ட்-அலிசன் சட்டம் அரசைக் கட்டாயப்படுத்தியதால், மக்களுக்குத் தேவைப்பட்டதைவிட மிகுதியாக டாலர்கள் குவிந்து, மூட்டை மூட்டையாகக் கருவூலத்திலேயே கிடந்தன. 1970-களில் அமெரிக்க அரசு தன் கையிருப்பிலிருந்த கார்சன் சிட்டி டாலர்களை விற்க எடுத்தபோது, 1885-ஆம் ஆண்டு நாணயங்கள் மட்டும் ஏறத்தாழ 1,48,000 இருந்தன. கைபடாத புதுக்கருக்கு மாறாதவை அவை. 1889-ஆம் ஆண்டு நாணயமோ அந்தக் குவியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

1889-ஆம் ஆண்டின் மற்ற நாணயங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே சேகரிப்பாளர்களின் கணிப்பு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டவர்கள் பெருகி, பிரிட்டிஷ் அரசு வெள்ளிக்குத் திண்டாடியது. அதற்கு உதவ 1918-இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட டாலர்கள் உலையில் போடப்பட்டு, அந்த வெள்ளியின் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. இன்று ஒரு நாணயத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறோமே, அதன் கூட்டாளிகள் நம் ஊர் ரூபாய்க்காக உருகியிருக்கலாம். எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருக்கப்பட்டது என்று அப்போது யாரும் குறித்து வைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

வாங்குவதைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். அதே 1889-இல் பிலடெல்பியாவில் 2 கோடியே 17 லட்சத்துக்கும் மேல் அச்சிடப்பட்டது. எந்த நாணயச்சாலையில் வார்த்தது என்று காட்டும் சாலைக்குறி அங்கு வார்த்தவற்றில் கிடையாது. அந்த மலிவான நாணயத்தில் கார்சன் சிட்டியின் குறியான இரண்டு ஆங்கில ‘சி’ (CC) எழுத்துகளை ஒட்டி ஏமாற்றும் பழக்கம் உண்டு. பின்பக்கத்தில் கழுகுக்குக் கீழே, இலைவளையத்துக்கும் டாலர் என்ற சொல்லுக்கும் இடையே அந்த எழுத்துகள் இருக்கும். பூதக்கண்ணாடியில் அவற்றின் அடிப்பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடோ, அங்கு மட்டும் நிற வேறுபாடோ தெரிந்தால் வேண்டாம். எடை 26.73 கிராமை ஒட்டி இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் ஒட்டுவேலைக்குப் பயன்படுவதும் உண்மையான டாலர்தான். சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றின் முத்திரையிட்ட உறையில் இல்லாத 1889 கார்சன் சிட்டி டாலருக்கு, நானாக இருந்தால், முன்பணம்கூடக் கொடுக்கமாட்டேன்.