டிவிடியில் ஏறாத பெரிய ஃபைல்கள்: கேள்வி பதில்

கே: கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக 4.2 ஜிபி. 4.7 ஜிபி டிவிடியில் ‘ஃபைல் பெரிது’ என்று மறுக்கிறதே?

ப: டிஸ்க்கில் இடம் இருக்கிறது. தகராறு ஃபைல் சிஸ்டத்தில், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் குறித்து வைக்கும் முறையில். பழைய ஐஎஸ்ஓ 9660 முறை ஃபைலின் அளவை 32 பிட் எண்ணில் குறித்து வைக்கிறது. அதில் 4 ஜிபி வரை கூட எட்டாது, ஒரு பைட் குறையும். அதன் லெவல் 3 என்ற வகையில் ஒரே ஃபைலைப் பல பகுதிகளாகப் பதிய வழியுண்டு, ஆனால் எல்லா கம்ப்யூட்டரும் அதை ஒழுங்காகப் படிப்பதில்லை. ரைட் செய்யும் மென்பொருளில் யூடிஎஃப் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் பதிப்பு 1.02 போதும், 2.50 போட்டால் விண்டோஸ் எக்ஸ்பி தானாகப் படிக்காது. எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யுங்கள், அதாவது எழுதியது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: என்னுடையது 4.6 ஜிபி. யூடிஎஃப் போட்டும் ஏறவில்லை.

ப: ஏறாது. அட்டையில் உள்ள 4.7 ஜிபி என்பது 1000-ஆல் பெருக்கிய கணக்கு. விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுவதால் அதே டிஸ்க் 4.38 ஜிபிதான்.

கே: 11 ஜிபி பேக்கப்பை என்ன செய்ய?

ப: செவன்-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் துண்டு போடுங்கள். அதிலேயே டிவிடிக்கென்று 4480 எம்பி அளவு கொடுத்திருப்பார்கள். ஐஎஸ்ஓ முறையில் எழுதினால் அந்தத் துண்டே 4 ஜிபியைத் தாண்டிவிடும்! நான் 4000 எம்பி என்று கையால் அடிப்பேன். மூன்று டிஸ்க் ஆகும். வீடியோ என்றால் சுருக்காமல் ‘ஸ்டோர்’ வையுங்கள், மிச்சமாவது ஒன்றுமில்லை. மீதி இடத்தில் பார்-2 மீட்பு ஃபைல்களைப் போட்டால் சின்னக் கீறலைச் சரிக்கட்டலாம். ஒரு டிஸ்க்கே தொலைந்தால் அது போதாது. அப்புறம், வெரிஃபை.

கே: 4.1 ஜிபி ஃபைல், ஏன் ஏறவில்லை?

ப: முதல் பதில்.

கே: இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு சார்? ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் போச்சு.

ப: வாங்குங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஒன்று மேஜையிலிருந்து விழுந்து நான்கு வருடப் படங்கள் போயின. எழுதி மூடிய டிவிடி-ஆரில் வைரஸ் வந்து எதையும் மாற்ற முடியாது, தவறுதலாக அழிக்கவும் முடியாது.

கே: டிவிடியும் கெட்டுப்போகுமே!

ப: போகும். வெயிலில் வைத்தால், பதிவைத் தாங்கும் சாயம் சீக்கிரமே போய்விடும். அதனால்தான் இரண்டிலும் வைக்கச் சொல்கிறேன். உங்கள் பென்டிரைவின் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32 என்றால் அங்கேயும் இதே 4 ஜிபி சுவர்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: டிவி பிளேயரில் ஓடுமா?

ப: பிளேயர் விஷயம் எனக்குத் தெரியாது. கடைக்காரரைக் கேளுங்கள்.

கே: 4.3 ஜிபி...

ப: முதல் பதில்!

கே: துண்டுகளைச் சேர்ப்பது எப்படி?

ப: மூன்றையும் ஒரே ஃபோல்டரில் காப்பி செய்து 001 என்று முடியும் முதல் துண்டை மட்டும் செவன்-ஜிப்பில் திறங்கள். வெரிஃபை செய்யாமல் எழுதியிருந்தால், அன்றைக்குத்தான் தெரியவரும்.