தழும்பு இல்லையே, மறுபடி ஊசி போடணுமா?

கேள்வி: பிறந்த மறுநாளே மகளுக்கு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டார்கள். எட்டு மாதமாகியும் இடது தோளில் தழும்பில்லை. ஊசி பலிக்கவில்லையா?
– வாசகி, தேனி

பதில்: கவலையே வேண்டாம், மறுபடி போடவும் வேண்டாம். தடுப்பூசி அட்டையில் தேதியோடு பதிவு இருந்தால் அதுவே போதிய சான்று. தழும்பு வராததை வைத்துப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல முடியாது; உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் இதையே தெளிவுபடுத்தியது.

ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அளவு 0.05 மி.லி. மட்டுமே. அதைத் தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். சரியாக இறங்கினால் அந்த இடம் சின்னக் கொப்புளம்போல் வெளுத்து எழும்பி, அரை மணிக்குள் அமுங்கிவிடும். பிறகு இரண்டு முதல் ஆறு வாரத்தில் சிறு கட்டி வரும்; அது சீழ் பிடித்து, புண்ணாகி, கடைசியில் தழும்பாகும். சில குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாமலே போகும். ஊசி ஆழமாக இறங்கினாலும் தழும்பு வராமல் போகலாம். அப்போது சீழ்க்கட்டிக்கும் வாய்ப்பு அதிகம்.

புண் வந்தால் பிதுக்காதீர்கள். ஒத்தடம், மஞ்சள், களிம்பு எதுவும் கூடாது. தண்ணீர் பட்டால் தவறில்லை. அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அட்டையே தொலைந்து, தழும்பும் இல்லையென்றால்? குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஊசி போட்ட விவரம் தடுப்பூசிப் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்கும்.