தொடை வலிக்கு பி.சி.ஏ.ஏ. பவுடரா?

கேள்வி: காவலர் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறேன். புதிதாக பஸ்கியும் படிக்கட்டுப் பயிற்சியும் ஆரம்பித்ததில் இருந்து, இரண்டாம் நாள் தொடை கல் மாதிரி ஆகிவிடுகிறது. கூட ஓடுகிறவர்கள் பி.சி.ஏ.ஏ. பவுடர் குடித்தால் வலியே வராது என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வேண்டாம் தம்பி. முட்டைக்குப் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள், அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு ஒரு டப்பாவைக் காட்டுவார்கள். பி.சி.ஏ.ஏ. என்பது லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் (புரதம் இவற்றால்தான் ஆனது), பெரும்பாலும் 2:1:1 அளவில் கலந்திருக்கும். உடம்பால் தானே செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டில் இருந்தே வரவேண்டியவை மொத்தம் ஒன்பது. லியூசின் தசை வளர்க்கும் வேலையைத் தொடங்கி வைக்கும், அது உண்மை. ஆனால் வேலை நடக்க மற்ற ஆறும் வேண்டுமே! வெறும் வயிற்றில் இந்த மூன்றை மட்டும் குடித்தால், மீதி ஆறுக்கு உடம்பு ஏற்கெனவே இருக்கிற தசையைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். வலி விஷயத்தில் சில ஆய்வுகளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. தினமும் புரதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அதற்கு மேல் இதனால் கிடைப்பது சொற்பம்.

உங்கள் வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பஸ்கியில் கீழே இறங்கும்போதும் படியில் இறங்கும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை அப்படி இழுபடும்போது உள்ளே நுண்ணிய சேதம் உண்டாகிறது. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டார். ‘லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது’ என்று மைதானத்தில் சொல்வார்கள், அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் ஒருவர், முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்கினார். இரண்டு வாரம் கழித்து அதே 60 பஸ்கி, அதே படிக்கட்டு, சாதாரணமாக இறங்கிப் போனார், ஒரு பவுடரும் குடிக்கவில்லை. ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். அதனால் முதல் வாரம் பாதி எண்ணிக்கையில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். வலி இருக்கும் நாளில் சும்மா படுத்துவிடாமல் கொஞ்சம் நடங்கள், இரவு நன்றாகத் தூங்குங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு: உங்களைப் போல் கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. எடை 60 கிலோ என்றால் குறைந்தது 84 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. மீதி சோறு, பருப்பு, இட்லியில் வந்துவிடும். மீனோ கோழியோ கிடைக்கிற நாளில் தாராளமாகவே தேறும்.

கேள்வி: நான் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. ஜிம்முக்குப் போகிறேன். இ.ஏ.ஏ. பவுடர் பி.சி.ஏ.ஏ.வை விட நல்லதாமே? (வாசகி, மதுரை)

பதில்: ஆமாம், சாப்பாட்டில் இருந்தே வரவேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் அதில் இருக்கும். ஆனால் பாலிலும் தயிரிலும் சோயாவிலும் ஒன்பதும் இருக்கிறதே அம்மா. அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்தில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொன்றை அரிசி ஈடுகட்டும், அதனால் இட்லி நல்ல சேர்க்கைதான். சிக்கல் அளவில்தான் வருகிறது. இரண்டு கரண்டி சாம்பாரில் பருப்பை விடத் தண்ணீர்தான் அதிகம். கெட்டிப் பருப்பாக ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் சில நாள் சோயா உருண்டை சேருங்கள். உலர்ந்த 50 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். அப்படியும் எட்டவில்லை என்றால் வே புரதம் வாங்குங்கள். அது பாலில் இருந்து எடுப்பது, பி.சி.ஏ.ஏ.வில் இருக்கும் அந்த மூன்றும் அதிலேயே தாராளமாக உண்டு.

கேள்வி: ஜிம்மில் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்துவிட்டேன். கை வீங்கிவிட்டது, மடக்க முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. எந்த சப்ளிமெண்ட் எடுக்கலாம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று கடிதம் பார்த்த அன்றே இவருக்குச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது சாதாரண வலி இல்லை. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதில் இருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். நீங்களாக வலி மாத்திரை போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. உடற்பயிற்சி செய்ததையும் சிறுநீரின் நிறத்தையும் மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.