ரிமோட் டெஸ்க்டாப்பில் விஎம்முக்குள் போகும்போது சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது. ‘யெஸ்’ கொடுத்துப் போனால் ஆபத்தா?

ஆபத்துதான். புதியவர்களுக்கு ஒரு வரி: விஎம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, ரிமோட் டெஸ்க்டாப் அதன் திரையை நம் கணினியில் திறக்கும் வழி, சான்றிதழ் எதிர்முனைக் கணினி காட்டும் அடையாள அட்டை. நீங்களும் என்னைப் போல ஒரு சின்ன அலுவலகத்துக்கு ஒற்றை ஆளாகக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். கேட்கவாவது தோன்றியதே, நல்லது. எனக்கு மூன்று வருஷம் தோன்றவே இல்லை. "எச்சரிக்கை வந்தால் யெஸ் அழுத்தவும்" என்று பிரிண்ட் எடுத்துப் பதினான்கு டேபிளிலும் செல்லோ டேப் போட்டு ஒட்டியவனே நான்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரே சர்வர், அதில் ஹைப்பர்-வி (விஎம்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்), அதற்குள் ஆறு விஎம். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் எல்லாம் கிடையாது. கணக்குப் பிரிவில் டாலி ஓடும் விஎம்முக்கு ஐபி எண்ணை அடித்துத்தான் எல்லோரும் போவார்கள்.

ஒருநாள் இரவு, பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நாள் பழைய பிரதியை ரீஸ்டோர் செய்து, உள்ளே விண்டோஸில் கணினியின் பெயரை ‘டாலி-டெஸ்ட்’ என்று மாற்றி வைத்தேன். நிஜ நெட்வொர்க்கோடு சேராத தனி விர்ச்சுவல் ஸ்விட்ச்சில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நிஜ விஎம் அப்டேட்டுக்காக அணைந்து எழும் இடைவெளியில் டெஸ்ட் விஎம் எழுந்து அதே ஐபி எண்ணில் உட்கார்ந்துகொண்டது. நிஜமானது திரும்பி வந்து, எண் பறிபோனதைப் பார்த்து, 169.254 என்று ஒரு உதவாத எண்ணை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, போன வாரம் போட்ட பில்லெல்லாம் காணமுங்க." அதற்குள் காலையிலிருந்து அறுபது வவுச்சர் அந்தப் பழைய பிரதியில் ஏறியிருந்தது. எப்படி உள்ளே போனீர்கள் என்றேன். "காலைல அந்தப் பொட்டி வந்துச்சுங்க. அதுல பேரு வேற என்னமோ போட்டிருந்துச்சு. நீங்கதான் யெஸ் குடுக்கச் சொல்லி ஒட்டிருக்கீங்களே?"

பதில் சொல்ல முடியவில்லை. எச்சரிக்கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பெயர் மாறியதும் விண்டோஸ் புதுச் சான்றிதழ் உண்டாக்கி, ‘இது டாலி-டெஸ்ட்’ என்று திரையிலேயே சொல்லியிருக்கிறது. அன்று அந்த இடத்தில் இருந்தது என் அசட்டுத்தனம். வேறு யாராவது வைத்த இயந்திரமாக இருந்திருந்தால்?

இதில் பலர் குழம்புவது ஒரே இடம்தான். விண்டோஸ் தானே உண்டாக்கும் சான்றிதழிலும் குறியாக்கம் நடக்கத்தான் செய்கிறது. வழியில் சும்மா ஒட்டுக்கேட்பவர் படிக்க முடியாது. ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்பதற்கு அங்கே உத்தரவாதம் இல்லை. பூட்டிய பெட்டியை யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பது மாதிரி. ‘இனிமேல் கேட்காதே’ என்று டிக் போட்டாலும் எச்சரிக்கை திரும்ப வருகிறதே என்றால், அந்தச் சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம். பிறகு புதியது வந்துவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். நெட்வொர்க்கில் சேராத ஒரு பழைய லேப்டாப்பில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற சான்றிதழ் உண்டாக்கும் மென்பொருளை வைத்து எங்களுக்கென்று ஒரு ரூட் (தலைமை) சான்றிதழ், அதன் கையெழுத்தில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு சான்றிதழ். ரூட்டை எல்லாக் கணினிகளிலும் நம்பகமான ரூட் பட்டியலில் ஏற்றினேன். ஐபி எண்ணை விட்டுப் பெயரால் போகப் பழக்கினேன். சான்றிதழில் இருக்கும் பெயரும் நாம் அடிக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் எச்சரிக்கை நிற்கும். விஎம்மில் சான்றிதழை ஏற்றியபின் அதன் பிரைவேட் கீயை, அதாவது ரகசியச் சாவியைப் படிக்க, ரிமோட் டெஸ்க்டாப் சேவை ஓடும் ‘நெட்வொர்க் சர்வீஸ்’ கணக்குக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இதைப் பாதிப் பேர் மறப்பார்கள்.

அப்புறம் தம்ப்பிரிண்ட், சான்றிதழின் கைரேகை மாதிரியான அடையாள எண். நாற்பது எழுத்து. சான்றிதழ் ஜன்னலிலிருந்து காப்பி செய்து, ரிமோட் டெஸ்க்டாப் இந்தச் சான்றிதழைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் கட்டளையில் ஒட்டினால் ஏற்கவே இல்லை. இரவு இரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் நோட்பேடில் ஒட்டி ஏஎன்எஸ்ஐ வடிவில் சேமித்துத் திறந்தால், முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி! காப்பி செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை அழித்ததும் ஒரே நொடியில் முடிந்தது.

சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பாலிடெக்னிக் டிப்ளமோ. இதையெல்லாம் செய்து முடித்த அதே வருஷம் வேறொரு கம்பெனி நேர்காணலில், டிகிரி சர்ட்டிபிகேட் இல்லை என்று பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷ வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சரி, விடுங்கள்.

"விபிஎன் இருந்தால் இதெல்லாம் எதற்கு" என்று சிலர் வருவார்கள். விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி, வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வெளியிலிருந்து வருபவர்கள் எங்களிடமும் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டு, சான்றிதழ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பாஸ்வேர்டை ஊகித்து முட்டுபவனை அது தடுக்காது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டைக்கு லாகின் கூடத் தேவையில்லை. 2014-லேயே ஆதரவை நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது பேட்ச் கொடுத்தது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நீங்கள் விர்ச்சுவல்பாக்ஸின் (விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருள்) சொந்த ரிமோட் சர்வர் வழியாகப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அங்கே சான்றிதழை விண்டோஸில் அல்ல, விர்ச்சுவல்பாக்ஸிடம் கொடுத்து டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையைக் கட்டாயமாக்க வேண்டும். அங்கீகார முறை ‘நல்’ (Null, எதுவும் இல்லை) என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையலாம்.

விஎம் சான்றிதழ்களுக்கு ஒரு வருஷ ஆயுள் வைத்திருந்தேன். போன வருஷம் புதுப்பிக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. அக்காதான். "தம்பி, அந்தப் பொட்டி மறுபடி வந்திருக்குதுங்க. டேட்டு முடிஞ்சதுன்னு போட்டிருக்குது. நான் யெஸ் குடுக்கலீங்க, ஆரையும் தொடவும் உடல. வந்து பாருங்க."