கட்டணப் பதிப்பு வந்துவிட்டது, இலவசப் பதிப்பை இனி நம்பலாமா?

கேள்வி: எங்கள் அமைப்பில் மூன்று வருடமாக ஒரு ஓப்பன் சோர்ஸ் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஆவண மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதிலிருந்த சில பிழைகளை நாங்களே சரிசெய்து அனுப்பினோம், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அதை உருவாக்கும் நிறுவனம் 'எண்டர்பிரைஸ்' என்று ஒரு கட்டணப் பதிப்பை அறிவித்திருக்கிறது. இலவசப் பதிப்பு தொடரும் என்கிறார்கள். நம்பலாமா? இப்போதே வேறொன்றுக்கு மாறிவிடுவது நல்லதா? நாங்கள் எழுதித் தந்த நிரலை அவர்கள் காசுக்கு விற்பது சரியா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் மனக்கசப்பு அதில்தான் இருக்கிறது.

விற்கலாம். எந்த ஓப்பன் சோர்ஸ் உரிமமும் விற்பனையைத் தடுப்பதில்லை. மாற்றி வெளியிடுபவரும் நிரலைத் திறந்தே தர வேண்டும் என்பதால் கறாரானது என்று பெயரெடுத்த ஜிபிஎல் உரிமமும் காசு வாங்க அனுமதிக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் நிரலைச் சேர்த்து, அதை யாருக்கும் காட்டாத மூடிய பதிப்பை அவர்கள் வெளியிட முடியுமா என்பதை. எம்ஐடி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமம் என்றால் முடியும். அவர்களால் மட்டுமா, யாராலும் முடியும். ஜிபிஎல், அதன் உறவான ஏஜிபிஎல் என்றால் உங்கள் வரிகளைப் பொறுத்தவரை அந்த நிறுவனமும் அதே உரிமத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்பியபோது 'பங்களிப்பாளர் ஒப்பந்தம்' என்று ஏதாவது வந்து 'சம்மதம்' அழுத்தினீர்களா? அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். பங்களிப்பை வேறு எந்த உரிமத்தின் கீழும் வெளியிடலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பதிப்புரிமை உங்களிடமே இருந்தாலும் மூடும் அதிகாரத்தை அன்றே கொடுத்துவிட்டீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இப்படி ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொரு பேட்சின் அடியிலும் இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்டு ஆஃப் பை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால் அதை ஒருவர் மட்டும் முடிவெடுத்து மூடிவிட முடியாது.

சரி, இலவசப் பதிப்பு போய்விடுமா? இன்று உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் உரிமம் மாறாது. நிறுவனத்தால் அடுத்த பதிப்பின் உரிமத்தைத்தான் மாற்ற முடியும். 2023 ஆகஸ்டில் சர்வர் வசதிகளை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் அப்படி மாறியபோது, பழைய உரிமத்தில் இருந்த கடைசி நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் மாறியதும் அதே மாதத்தில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ தொடங்கியது. 2025இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இவை பெரிய நிறுவனங்கள் ஆள் போட்டு நடத்தும் ஃபோர்க்குகள், அதாவது பழைய நிரலிலிருந்து பிரிந்து தனியாக வளரும் கிளைகள். உங்கள் மென்பொருளுக்கு அப்படி ஆள் திரளுமா என்று யோசியுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லாத ஃபோர்க்கை நம்பி ஆவணங்களை வைக்கக் கூடாது.

கட்டணப் பதிப்பு என்ற அறிவிப்பை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. 2020இல் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் 7.0இன் சோதனை வெளியீட்டில் 'பெர்சனல் எடிஷன்' என்ற இரண்டு சொற்கள் தென்பட்டதற்கே பெரிய கொந்தளிப்பு எழுந்தது. உரிமம் மாறாது என்று அதை நடத்தும் அறக்கட்டளை விளக்கம் தர வேண்டியிருந்தது. இறுதி 7.0 அந்தச் சொற்கள் இல்லாமல் வந்தது, அடுத்த பதிப்பில் 'கம்யூனிட்டி' என்ற பெயர் ஒட்டப்பட்டது. யாரிடமிருந்தும் எந்த வசதியும் பறிபோகவில்லை. பங்களித்தவர்களிடம் முன்கூட்டியே பேசியிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் பார்ப்பது இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே எல்லை எங்கே போடப்படுகிறது என்பதைத்தான். நிரல் எழுதுபவர்கள் சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்லேப் பல வருடங்களாக இரண்டு பதிப்புகளாக வருகிறது. இலவசத்தில் இருக்கும் வசதியை விற்பதற்காக அங்கிருந்து எடுக்கமாட்டோம் என்று வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். மாறாக, 2025இல் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருளான மினியோ தன் இலவசப் பதிப்பின் இணைய முகப்பிலிருந்து நிர்வாக வசதிகளை நீக்கியது. புதிதாக எழுதுவதற்குக் காசு கேட்பது நியாயம். ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் நம்பிக்கை போய்விடும்.

உங்கள் மென்பொருள் இதில் எந்தப் பக்கம் என்பதை நீங்களே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். ரெப்போவை (நிரல் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தை) திறந்து கடந்த மூன்று மாதங்களில் சேர்க்கப்பட்ட மாற்றங்களைப் பாருங்கள். நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களின் பெயர்கள் இன்னும் வருகின்றனவா? பதிலே இல்லாமல் தொங்கும் பேட்சுகள் எத்தனை? அப்புறம், கட்டணப் பதிப்பில் மட்டும் இருக்கும் ஒரு வசதியை வெளியாள் யாராவது எழுதி அனுப்பியிருக்கிறாரா என்று தேடுங்கள். சிங்கிள் சைன் ஆன் (ஒரே கடவுச்சொல்லில் எல்லாவற்றிலும் நுழைவது), தணிக்கைப் பதிவு (யார் எதை எப்போது செய்தார் என்ற பதிவு) இரண்டும்தான் வழக்கமாக இப்படி மாட்டும். அவருக்குக் கிடைத்த பதிலைப் படியுங்கள். நிரலில் என்ன குறை என்று பேசியிருந்தால் நல்லது. 'இது எண்டர்பிரைஸில் இருக்கிறதே' என்று மூடியிருந்தால், சமூகத்தின் உழைப்பும் நிறுவனத்தின் வருமானமும் மோதத் தொடங்கிவிட்டன.

நிறுவனத்திடம் இரண்டே விஷயம் எழுத்தில் கேளுங்கள்: பாதுகாப்புத் திருத்தங்கள் இரண்டு பதிப்புக்கும் ஒரே நாளில் வருமா? இப்போது இலவசமாக உள்ள வசதிகள் அப்படியே இருக்குமா? பங்களித்தவர் என்ற முறையில் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

இப்போதே மாற வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. பயத்தில் மாறினால் மூன்று வருட ஆவணங்களும் பழக்கமும் சேர்ந்து சிதறும். உரிமம் மாறினாலோ, நீங்கள் பயன்படுத்தும் வசதி கட்டணப் பக்கம் போனாலோ, பாதுகாப்புத் திருத்தம் தாமதமானாலோ மாறிவிடுவோம் என்று அமைப்பில் இன்றே பேசி எழுதி வையுங்கள். கட்டணப் பதிப்பில் உங்களுக்கு உண்மையிலேயே உதவும் வசதி இருந்து, கையில் பணமும் இருந்தால் வாங்குங்கள். அந்த மென்பொருளை எழுதுபவர்களின் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

எதுவானாலும் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். ரெப்போவை முழுதாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஆவணங்களையும் அவற்றின் குறிப்புத் தகவல்களையும் ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் அந்த மென்பொருள் இல்லாமலே திறந்து பாருங்கள். தேதி, வகை, குறிச்சொற்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா? வரவில்லை என்றால் எந்தப் பதிப்பில் இருப்பது என்று யோசிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.