மதுரைக் குன்றுகளில் மரபுநடை: கேள்வி பதில்

எங்கள் வட்டார வரலாற்றுக் குழுவின் ஞாயிறு நடைகளை வழிநடத்துபவன் என்ற முறையில், அடுத்த நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

முதன்முறை வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது நல்லது? (திருமங்கலம் வாசகி)

கீழக்குயில்குடியில் தொடங்குங்கள். அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் கடந்து படியேறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம் வரும். அங்கே தீர்த்தங்கரர் (சமண சமயப் பெரியோர்) முதலிய எட்டுப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில், செய்வித்தவர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. குன்றின் மறுபக்கத்தில் உள்ள செட்டிப்புடவு என்னும் குகையில், சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருபவனை எதிர்க்கும் இயக்கியின் (சமணப் பெண் தெய்வத்தின்) சிற்பத்தை மட்டும் அவசரப்பட்டுக் கடந்துவிட வேண்டாம்.

இக்குன்றுகளில் கற்படுக்கைகள் உள்ள குகைகளை எங்கள் பாட்டி "பஞ்சபாண்டவர் படுக்கை" என்பார்; நீங்கள் சமணர் படுக்கை என்கிறீர்களே? (மேலூர் வாசகர்)

பாட்டியைத் திருத்த வேண்டாம் ஐயா. சமணத் துறவிகள் தங்கிய நினைவு ஊரில் மங்கிய பிறகு, ஆளில்லாத கற்படுக்கைகளுக்கு மக்கள் தாமறிந்த கதையிலிருந்து பெயரிட்டார்கள். அப்பெயரும் வரலாற்றின் ஒரு பகுதியே. நேரில் வரும்போது, தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருப்பதைக் கையால் தடவிப் பாருங்கள். பிறகு குகையின் நெற்றியை நிமிர்ந்து பார்த்தால், பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். மழைநீர் உள்ளே வழியாமல் அதன் விளிம்பிலேயே சொட்டிவிடும். பல இடங்களில் தமிழி (தமிழ்-பிராமி என்னும் பண்டைய எழுத்து) கல்வெட்டு இந்தக் காடிக்கு அடியில்தான் இருக்கிறது. எழுத்துகள் ஈராயிரம் ஆண்டு மழையைத் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாங்குளம் கல்வெட்டை எங்களைப் போன்றவர்கள் படிக்க முடியுமா? (கல்லூரி மாணவர்)

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த அக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிறுவினார். அவற்றில் வரும் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனின் பெயரைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1965-இல் அடையாளம் கண்டார். கணி நந்தன் என்னும் துறவிக்கு, அம்மன்னனின் அலுவலரான கடலன் வழுதி பள்ளி (துறவியர் உறைவிடம்) வெட்டுவித்த செய்தி அவற்றில் உள்ளது. நாங்கள் காலை ஆறு மணிக்கே கிளம்புவதை நொந்துகொள்பவர்கள் உண்டு. சாய்வெயிலில்தான் வெட்டுக்கோடுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும், உச்சி வெயிலிலோ அதே பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும்.

எழுத்து தெளிவாகத் தெரிய, சுண்ணக்கட்டியால் தீட்டிப் படமெடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

கூடவே கூடாது. தீட்டுகிறவர் தாம் படித்ததைத்தான் தீட்டுவார். அடுத்து வருபவர் கல்லைப் படிக்காமல் அவருடைய பிழையைப் படிப்பார். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதும் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய வேலை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால், 2010 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் படமெடுங்கள், போதும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரால் ஏற முடியாது. (மதுரை வாசகி)

யானைமலை நடைக்கு அழைத்து வாருங்கள். நரசிங்கம் குடைவரைக் கோயில் (பாறையைக் குடைந்து அமைத்தது) மலையடிவாரத்திலேயே உள்ளது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் மறைந்த பின் தம்பி மாறன் எயினன் முடித்ததை அங்குள்ள கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மற்றவர்கள் மேலே சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கும் வரை, அம்மா கோயிலிலேயே இருக்கலாம்; அன்றைய உரையை அவரும் கேட்கும்படி கீழேதான் வைத்திருக்கிறோம்.