பழைய கொரியன் நுவார் படங்கள்ல, அதாவது குற்றமும் இருட்டும் கலந்த படங்கள்ல, பொண்ணுங்க ஏன் எப்பவும் குடும்பத்தைக் கெடுக்குறவங்களாவே வர்றாங்க?

மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும், ஆனா அந்தக் காலத்தை யோசிங்க, 1953ல கொரியப் போர் நிறுத்தம் ஆயிடுச்சு, ஊரே நாசம், ஆம்பளைங்களுக்கு வேலை இல்ல, எத்தனையோ வீட்டுல பொண்ணுங்க சம்பாத்தியத்துலதான் அடுப்பு எரிஞ்சுது. பொண்ணுங்க கை ஓங்கிடுமோன்னு ஆம்பளைங்களுக்கு வந்த அந்த பயம்தான் படத்துல வில்லியா வருது.

1958ல ஷின் சாங்-ஓக் எடுத்த 'நரக மலர்' பாருங்க. அமெரிக்க ராணுவ முகாமை ஒட்டி பிழைக்குற சோனியா, காதலனோட தம்பியையே மயக்குறா, அப்புறம் காதலனைப் போலீஸ்ல காட்டிக் கொடுக்குறா. கடைசில சேத்துல ஓடி விழுந்து அவன் கையாலயே சாவுறா. தண்டனை குடுத்தே ஆகணுமே! ஆனா சோனியாவா வர்ற சோய் உன்-ஹீ நடிப்புல கண்ணு அவமேலயேதான் நிக்குது.

கிம் கி-யங்கோட 'வேலைக்காரி' (1960) இன்னும் சிக்கலானது. புருஷன் பியானோ சொல்லிக் குடுக்குற வாத்தியார், ஆனா மாடி வீடு வந்ததுக்குப் பொண்டாட்டி ராப்பகலா மிதிச்ச தையல் மிஷின்தான் முக்கிய காரணம். வேலைக்காரி அந்தப் புருஷனால கர்ப்பமானதும் மாடிப்படில விழுந்து கருவைக் கலைச்சுக்கோன்னு தூண்டுறது யாரு, அதே நல்ல குடும்பத்தலைவிதான்! எனக்கு அவங்கதான் வேலைக்காரியைவிட பயங்கரம். எல்லாம் முடிஞ்சதும் புருஷன் கேமராவைப் பாத்து ஆம்பளைங்க ஜாக்கிரதையா இருங்கன்னு சிரிச்சுட்டே சொல்றான், தப்பு பண்ணதே அவன்தானே, நல்லா இருக்கே நியாயம். மொதல்ல 'வேலைக்காரி'யைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.